பூஜ்யம் போட்ட முகங்கள்

அந்தக் கம்பெனியில் அவனுக்குத் தராசு என்று பெயர். வைத்தது அங்கே பிரிண்ட் போடுகிற மிஷின் அக்கா. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைப் படம் எடுத்து, அட்டையில் ஒட்டிக் கொடுக்கிற கம்பெனி அது. ஒரு பிள்ளைக்கு மூன்று படம் எடுப்பார்கள். மூன்றில் எது அட்டைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவன் வேலை. திரையில் மூன்று முகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏதாவது ஒரு எண்ணைத் தட்டுவான். மூன்றும் தேறாது என்றால் பூஜ்யம். பூஜ்யம் விழுந்த பிள்ளைக்கு மறுபடி படம் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கத் தோன்றும். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கண் மூடியிருக்கிற படத்தையும் தலை கலைந்த படத்தையும் கம்ப்யூட்டரே தள்ளிவிடும். மிச்சமிருக்கிறதில் எது அந்தப் பிள்ளையின் சொந்த முகம், எது ‘சிரி’ என்று மிரட்டியதால் வந்த முகம் என்று பிரிப்பது கம்ப்யூட்டர் தலைகீழாக நின்றாலும் முடியாத காரியம். தராசு அரை நொடியில் பிரிப்பான். பதினோரு வருடமாக அவன் தட்டிய எண்ணைப் பற்றி எந்தத் தாயும் குறை சொன்னதில்லை. நூறு பிள்ளைகளுக்கு மூன்றோ நாலோ பூஜ்யம் போடுவான். அதையும் மனசில்லாமல்தான் போடுவான்.

இந்த வாரம் ஒரே பள்ளிக்கூடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அறுபத்தொரு பூஜ்யம் போட்டிருந்தான்.

அந்த அறுபத்தொன்றில் ஒன்று அவனுடைய மகள்.

புதன்கிழமை மத்தியானம் அவள் முகம் திரையில் வந்தது. முன்பல் விழுந்த எட்டு வயசுப் பெண். மூன்று படத்திலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோ அடிக்கக் கை ஓங்கியதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலும் இப்போதெல்லாம் இப்படித்தான் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. ‘என்னால்தான்’ என்றும் தோன்றியது. அவசரமாகப் பூஜ்யத்தைத் தட்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டான். அன்றைக்குச் சாயந்திரம் முதலாளி மேஜையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்துக்கொண்டு போய் நிரப்பினான்.

ரயிலில் ஏழு மணி நேரத் தொலைவில் கம்பெனி ஒரு கிளை திறக்கிறது. அங்கே போய்த் தங்கி வேலை செய்ய ஒரு ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஃபாரத்தைக் கொடுக்க வேண்டும். தனியாகப் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மனைவியிடம் சொல்லவில்லை. தான் போய்விட்டால் அந்த வீட்டுக்குக் கொஞ்சம் காற்று வரும் என்று உண்மையாகவே நம்பினான்.

இது எப்போது ஆரம்பித்தது என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. நாலு மாதம் இருக்கும். யாரும் சாகவில்லை, எதுவும் தொலையவில்லை. ஒரு நாள் காலையில் குளிக்கப் போக வேண்டும் என்பது மலை ஏறுகிற வேலையாகத் தெரிந்தது. பிறகு தூக்கம் போயிற்று, நாக்கில் ருசி போயிற்று. காய்ச்சல் என்றால் வாயில் தெர்மாமீட்டரை வைத்து நூற்றிரண்டு என்று காட்டி லீவு கேட்கலாம். இதற்கு எதைக் காட்டுவது? சலிப்பு என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான்.

சலிப்பைக்கூடச் சமாளித்திருப்பான். மனைவியின் முகத்தைத்தான் அவனால் சமாளிக்க முடியவில்லை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். காலையில் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே அவனைப் பார்ப்பாள். அந்த முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பாள்; கேள்வி என்னவோ இதமாகத்தான் வரும், முகம் மட்டும் கடுகடுவென்று இருக்கும். சாயந்திரம் கதவைத் திறக்கும்போதும் அதே முகம். குளித்துவிட்டு வெளியே வந்தால் எதிரில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவளுக்கு என்னை வெறுத்துப்போய்விட்டது, நல்ல குணம் இருப்பதால் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று முடிவு கட்டினான்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதினோரு வருடம் முகத்தைப் பார்த்தே பிழைத்தவனுக்கு வாயைத் திறந்து கேட்பது கௌரவக் குறைச்சலாக இருந்தது. தராசு போய் யாரிடம் எடை கேட்கும்?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வாத்து வந்து கத்தினான். வாத்து என்பது படம் எடுக்கிறவனுடைய பெயர். அமுக்கினால் ‘கீ’ என்று கத்துகிற ரப்பர் வாத்து ஒன்றைக் கேமராவுக்கு மேலே கட்டி வைத்திருப்பான். அதைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளை பூமியில் பிறக்கவில்லை என்று பெருமையடிப்பான்.

“அறுபத்தொண்ணு! நான் என்ன பள்ளிக்கூடத்துல படம் எடுத்தேனா, இழவு வீட்டுல எடுத்தேனா? ஹெட்மாஸ்டரம்மா ஃபோன்ல வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க. எம்மேல ஏதாவது கோபம்னா நேரா சொல்லு தராசு. பிள்ளைங்க மேல காட்டாத.”

“உம்மேல எனக்கென்ன கோபம்? உனக்குத்தான் ஒரு மாசமா எம்மேல கோபம்.”

“எனக்கா? நான் எப்ப கோபப்பட்டேன்? இதோ, இப்பத்தான் படுறேன்!”

பக்கத்து அறையில் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த மிஷின் அக்கா இதைக் கேட்டு மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள். ஐம்பது வயசுக்காரி. இருபது வருடமாக அந்த மிஷினோடு குடித்தனம் நடத்துகிறவள். மிஷினுக்கு உடம்பு சரியில்லை என்றால் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பாள். அவள் தராசின் எதிரில் உட்கார்ந்து அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். அக்காவுக்கும் நான் ஆகாமல் போய்விட்டேன் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“தம்பி, ஒரு விளையாட்டு விளையாடலாமா?” என்றாள்.

“வேலை கெடக்குக்கா.”

“அறுபத்தொரு வேலைய நீயே உண்டாக்கி வச்சிருக்க. கால் மணி நேரம் உக்காரு.”

அந்தப் பள்ளிக்கூடத்துப் படங்களில் இருபதை எடுத்துச் சின்னதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தாள். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு தாள். ஒவ்வொரு படமாக மேஜையில் வைப்பாள். சிரிப்பு, சோகம், கோபம், சும்மா என்ற நாலு வார்த்தைகளில் ஒன்றை எழுத வேண்டும். பேசக்கூடாது, அடுத்தவன் தாளை எட்டிப் பார்க்கக்கூடாது.

“பரீட்சையா?” என்றான் வாத்து.

“உனக்கில்ல. நீ தேறமாட்டேன்னு தெரியும்.”

எழுதினார்கள். தராசு வழக்கம்போல அரை நொடியில் எழுதினான். இருபதாவது படத்தை அக்கா வைத்தபோது மட்டும் அவன் பேனா நின்றது. அது அவன் மகள். இரண்டாவது எண் படம். கண்ணைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, ‘சோகம்’ என்று எழுதினான்.

மூன்று தாளையும் அக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பல் தெரியச் சிரித்த முகங்கள் நாலு. அதில் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள். அழுகிற முகம் இரண்டு, அதிலும் ஒத்துப்போனார்கள். மற்றதெல்லாம் கந்தல். அக்காவும் வாத்தும் ‘சும்மா’ என்று எழுதியிருந்த ஏழு முகங்களில் நாலுக்கு அவன் ‘கோபம்’ என்றும் மூன்றுக்குச் ‘சோகம்’ என்றும் எழுதியிருந்தான். அவர்கள் இருவரும் ‘சிரிப்பு’ என்று எழுதிய ஏழு முகங்கள், லேசாகப் புன்னகைக்கிற முகங்கள், அவன் தாளில் ஐந்து ‘சும்மா’ என்று இருந்தன. மிச்சம் இரண்டு ‘சோகம்’. அந்த இரண்டில் ஒன்று இருபதாவது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. வாத்து அந்தத் தாளைக் கையில் எடுத்து மறுபடி எண்ணிப் பார்த்தான்.

“என் தம்பிக்கு இப்படி இருந்துச்சு,” என்றாள் அக்கா. “முடிவெட்டுறவர் மொறைக்கிறார்னு கடைய மாத்தினான். அடுத்த கடைக்காரரும் மொறைக்கிறார்னான். ஊர்ல இருக்கிற கடையெல்லாம் மாத்தி, கடைசியில காடு மாதிரி முடிய வளத்துக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காந்துட்டான். அப்புறந்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். மனசுல நோவு இருந்தா மத்தவங்க மூஞ்சியும் நோவாத்தான் தெரியுமாம். கண்ணு மேல தப்பில்லன்னாரு.”

“எனக்கு ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாதவன் இந்தப் பிள்ளைக்குச் சோகம்னு எழுதுவானா?” இருபதாவது படத்தை அவன் பக்கம் தள்ளினாள். “இது சிரிக்குது தம்பி. பல்லு போனதால வாய மூடிக்கிட்டுச் சிரிக்குது.”

“பயந்துபோய் நிக்குதுக்கா.”

வாத்து குறுக்கே வந்தான். இந்தத் தடவை அவன் குரல் தாழ்ந்திருந்தது. “நான்தான எடுத்தேன்? வாத்த அமுக்கினேன், சிரிக்கல. பல்லு தெரியும்னு வெக்கம். என்னடா பண்றதுன்னு பாத்தேன். ‘பாப்பா, இந்தப் படத்த மொதல்ல பாக்கப்போறது உங்கப்பாதான், தெரியுமா?’ன்னேன். சொன்ன ஒடனே இந்த மூஞ்சி வந்துச்சு. உன்னப் பாத்துத்தான் தராசு சிரிக்குது அது.”

அவன் படத்தைக் கையில் எடுத்தான். வெகுநேரம் பார்த்தான். மிச்சமிருந்த மானத்தையெல்லாம் கூட்டிவைத்துக்கொண்டு பார்த்தான். இருவரும் சொன்ன பிறகும் அந்த முகம் மாறவில்லை. அதே இறுக்கிய உதடு, அதே மிரண்ட கண். அது சிரிப்பு என்று அவனுக்கு இப்போது தெரியும். தெரியவும் செய்தது, தெரியவுமில்லை. இருட்டில் வழி தெரியாமல் போனால் விளக்கு இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பட்டப்பகலில், சொந்த மகளின் முகத்தில், அவனுக்கு வழி தெரியவில்லை. அதுதான் அவனைக் குலுக்கிப் போட்டது. அவன் அழுதான். மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதான். வாத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் தோளில் தொங்கிய கேமராவில் கட்டியிருந்த ரப்பர் வாத்தை அமுக்கிவிட்டான். அது ‘கீ’ என்றது. அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசு மகளின் படங்களைத் திரைக்கு வரவழைத்தான்.

“எந்த நம்பர்க்கா?”

“ரெண்டு.”

இரண்டைத் தட்டினான். தான் கண்டதை ஒதுக்கிவிட்டு இன்னொருவர் சொன்னதை நம்பி எண் தட்டியது பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மிச்ச அறுபதையும் அப்படியே உட்கார்ந்து முடித்தார்கள். அக்கா எண்ணைச் சொன்னாள், அவன் தட்டினான். அதில் உண்மையான பூஜ்யம் ஏழுதான்.

ஐந்து மணிக்கு முதலாளி வாசலில் வந்து நின்றார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, இஞ்சி தின்ற குரங்குபோல் முகத்தை வைத்துக்கொண்டு கையை நீட்டினார். “ஃபாரம் எடுத்துட்டுப் போனியே?”

தராசின் கை சட்டைப் பைக்குப் போனது. பாதியில் நின்றது.

“சார், எம்மேல கோபமா இருக்கீங்களா?”

“கோபமா?” முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டார். “நெஞ்சு கரிக்குதுப்பா. மத்தியானம் தின்ன எதுவோ ஒத்துக்கல. ஏன் கேக்குற?”

“சும்மா கேட்டேன் சார். எனக்கு ரெண்டு நாள் டயம் வேணும்.”

“திங்கக்கிழமை காலைல சொல்லிடு. அதுக்கு மேல முடியாது.” ஏப்பம் விட்டபடியே போய்விட்டார். கேட்டதற்கு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளறையில் எதையோ சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். அவள் பார்த்தாள். அதே முகம். வழக்கம்போல நேராகக் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்ளத்தான் கால் இழுத்தது. போகாமல் நின்றான்.

“உன்ன ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“இப்ப உன் மூஞ்சில என்ன இருக்கு?”

அவள் கையால் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தாள். “என்ன? ஏதாச்சும் ஒட்டியிருக்கா?”

“அதில்ல. கோபமா இருக்கியா? எனக்குத் தெரியல. தெரியாமத்தான் கேக்குறேன்.”

அவள் மடித்துக்கொண்டிருந்த மகளின் பாவாடை மடியில் விழுந்தது.

“கோபமா? நானா?” என்றாள். “பயத்துல செத்துக்கிட்டிருக்கேங்க நான். நாலு மாசமா.”

“பயமா? எதுக்கு?”

“ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு ஊசி குத்துறேன். யாரு மயங்கி விழப்போறாங்கன்னு குத்துறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும். மூஞ்சி வெளுத்துடும். பேரச் சொல்லிக் கூப்பிட்டா வேற எங்கேயோ இருந்து திரும்புவாங்க. விழுறதுக்குள்ள கையப் பிடிச்சிடணும். நாலு மாசமா நீங்க அப்படித்தான் இருக்கீங்க. எந்தப் பக்கம் விழுவீங்கன்னு தெரியாம நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்க குளிக்கப் போனாக்கூட வெளிய நிக்கிறேன்.”

அவன் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். குளியலறை வாசலில் அவள் நின்றதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டேனே! சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, உடம்புக்கு என்னன்னு கேட்டுக்கிட்டேதான இருந்தேன்? எதக் கேட்டாலும் ‘ம்’. ரெண்டு மாசமா ஒரு டாக்டர் பேர எழுதிக் கைப்பையில வச்சிருக்கேன். சொன்னா எரிஞ்சு விழுவீங்களோன்னு அதுக்கும் பயம்.”

அவன் இருபது படத்தின் கதையைச் சொன்னான். எதையும் மறைக்காமல், மகளுக்குப் போட்ட பூஜ்யத்தையும் வாத்து சொன்னதையும் சொன்னான். அவன் முடித்ததும் அவள் எழுந்து போய்க் கைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துவந்து கொடுத்தாள். மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. நாளைக்குக் காலையிலேயே போகலாம் என்றாள். சரி என்றான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சட்டைப் பையில் இன்னொரு தாள் இருந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

அவள் பிரித்துப் படித்தாள். ‘தனியாக’ என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. மேலே இருந்த தேதியைப் பார்த்தாள், கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். முகத்தில் என்னென்னவோ நடந்தது. மூக்கு விடைத்தது, தாடை ஆடியது, கண் நிறைந்து நின்றது. அவன் யூகிக்கப் பார்க்கவில்லை.

“இப்ப என்ன?” என்று கேட்டான்.

“இப்பத்தான் கோபம்,” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “நல்லாப் பாத்துக்குங்க. என் கோபம் இப்படித்தான் இருக்கும். இதுக்கு முன்னாடி பாத்ததுக்கெல்லாம் இந்தப் பேர வைக்காதீங்க.”

அவன் பார்த்தான். நாலு மாதமாகப் பார்த்துப் பயந்த முகம் இது இல்லை. எங்கே எப்படி வித்தியாசம் என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஆனால் இது வேறு. அது மட்டும் தெரிந்தது. அவள் விரல்கள் முகவாயில் வலித்தன. விடச் சொல்ல அவனுக்கு மனமில்லை.

உள்ளே மனப்பாடம் நின்றது. மகள் கதவோரம் வந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“அப்பா, அம்மா கோபமா இருக்காங்களா?”

“ஆமாம்மா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அம்மாவே சொன்னா,” என்றான். பிறகு மகள் பக்கம் கையை நீட்டி, “நீ எப்படியிருக்க? நீயும் சொல்லு” என்றான்.

அவள் உதட்டை மூடிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வந்து இருவருக்கும் நடுவில் மடித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் கலைத்துக்கொண்டு உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.